பங்கும் வழிவாய்க்காலும்

வெள்ளவத்தை,
12.02.1994

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகள் பாமினியும் சுகம். தைப்பொங்கலுக்கு முன்பு நீங்கள் எழுதிய கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. ஆகவே இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பயனில்லை. இதை வாசிக்கும் நாளில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன்.

ஒரு வீடு பார்த்திருக்கிறேன். வாடகைக்கு இல்லை, வாங்குவதற்கு. கோபிக்காமல் முழுவதையும் வாசியுங்கள்.

வீடு கொட்டாஞ்சேனையில். சொந்தக்காரர் கொன்ஸ்ரன்ரைன், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். புரட்டாதி பிறக்க முன்பு மெல்பேனில் இருக்கும் மகளிடம் போகிறார். முன்னறை, இரண்டு படுக்கையறை, பின்னால் குசினி. காணி நாலே கால் பேர்ச்சஸ். மழை பெய்தால் பின்னறையில் மூன்று இடத்தில் வாளி வைக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு வீட்டைப் பிடிக்க முன்பே மனிதரைப் பிடித்துவிட்டது. இடப்பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் லுத்பியா என்ற முஸ்லிம் அம்மா மகனோடு இருக்கிறார்.

கந்தோரில் எனக்குப் பதினாலு வருட சேவை இருக்கிறது. வீட்டை ஈடாக வைத்து வங்கி கடன் தரும். முற்பணம் நகையில் சரிவரும். தாலிக்கொடியைத் தொட மாட்டேன், பயப்படாதீர்கள்.

ஏன் இந்தப் பாடு என்று உங்களுக்குத் தெரியும். தொண்ணூற்றிரண்டில் நீங்கள் இங்கே வந்தபோது நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த அனெக்ஸின் சொந்தக்காரர், தன் வீட்டில் தங்குபவர் என்று உங்களைப் பொலிஸில் பதிய மாட்டேன் என்றார். "நான் ஒரு பொம்பிளைக்கும் பிள்ளைக்கும் எண்டுதான் தந்தனான். ஊரிலயிருந்து வாற ஆம்பிளைக்கு நான் பொறுப்பு நிக்கேலாது" என்று படியில் நின்று சொன்னார். நாலு நாள் லொட்ஜில் படுத்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள். "எங்கட வீடு எண்டு ஒண்டு இருந்தால் வருவன்" என்று கோட்டை ஸ்ரேசனில் சொன்னீர்கள். நீங்கள் கோபத்தில் சொல்லியிருக்கலாம். நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

உங்கள் அன்புள்ள,
அருந்ததி


சிவமயம்

கொக்குவில்,
09.03.1994

அன்பின் அருந்ததிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். இங்கே கடுதாசிக்குத் தட்டுப்பாடு. இது பழைய அளவைக் குறிப்புப் புத்தகத்தில் கிழித்த தாள். பின்பக்கத்தில் இருக்கும் கணக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது சுன்னாகத்தில் ஒரு வாழைத்தோட்டம்.

நாலே கால் பேர்ச்சஸ் என்றால் அரைப் பரப்புக்கும் குறைவு. எங்கள் வளவில் கிணற்றடியும் அதைச் சுற்றிய கமுகும் அவ்வளவு வரும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் என்று எழுதியிருக்கிறீரே, அதை இரண்டு தரம் வாசித்தேன். வேலியில் ஒரு கதியால் அரை முழம் தள்ளிப் போனதற்குப் பதினொரு வருடம் வழக்குப் பேசிய ஊரில் பிறந்தவர் நீர். அந்த வழக்கில் காணியை அளந்து சாட்சி சொன்னவன் நான். முப்பது வருடமாக நில அளவையாளனாக இருந்து நான் கற்றது ஒன்றுதான்: என்னுடையது எங்கே முடிகிறது என்று தெரியாத இடத்தில் மனிதன் நிம்மதியாக நித்திரை கொள்ள மாட்டான்.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காணியின் வரைபடத்தையும் உறுதிப் பத்திரத்தையும் போட்டோப் பிரதி எடுத்து, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடும். பார்க்காமல் காசு கட்ட வேண்டாம். பாமினி கணிதத்தில் எப்படி என்று நீர் எழுதவில்லை. எழுதாவிட்டால் குறைவு என்றுதான் அர்த்தம்.

அன்புடன்,
வரதராசா


வெள்ளவத்தை,
04.04.1994

அன்புள்ள அத்தானுக்கு,

பாமினி கணிதத்தில் குறைவுதான். நீங்கள் வந்து சொல்லிக் கொடுங்கள்.

வரைபடமும் உறுதியும் இத்துடன் இருக்கின்றன. இப்போது தலையிடியைச் சொல்கிறேன். மூன்று கிழமைக்கு முன்பு வங்கியின் மதிப்பீட்டாளர் வீடு பார்க்க வந்தார். மெலிந்த மனிதர், கையில் நீளக் குடை. கொன்ஸ்ரன்ரைன் ஐயா தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார், அவர் அதைத் தொடவில்லை. குடை நுனியால் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டு போனார். பின்னறைக் கூரை மரத்தில் தட்டினார், பொடி கொட்டியது, கறையான். பிறகு குசினிக்குள் போய் நடுச்சுவரில் இருந்த வெடிப்புக்குள் குடை நுனியை விட்டார். அது உள்ளே போனது.

"மே பித்திய காகெத?" என்று கேட்டார். இந்தச் சுவர் யாருடையது என்று. கொன்ஸ்ரன்ரைன் ஐயா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாற்பது வருடம் அந்த வீட்டில் இருந்தவருக்கே தெரியவில்லை. மதிப்பீட்டாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அறிக்கை வந்துவிட்டது. கூரை பழுது. சுவர் வெடிப்பு. சுவர் யாருக்குச் சொந்தம் என்று தெளிவில்லை. இவற்றைத் திருத்தாமல் வீட்டை ஈடாக ஏற்க முடியாது. திருத்தினால் கடன் தருவார்களாம். என்னுடையதாகாத வீட்டை நான் எப்படித் திருத்துவது? விற்கப் போகிற வீட்டுக்குச் செலவழிக்க கொன்ஸ்ரன்ரைன் ஐயாவிடமும் வசதியில்லை. வங்கி மனேஜரிடம் மூன்று தரம் போய் இருந்தேன். மூன்றாவது நாள் அவருக்கு என் முகம் அலுத்துவிட்டது. பக்கத்து வீட்டார் அந்தச் சுவர் இருவருக்கும் பொது என்றும், திருத்தச் சம்மதம் என்றும் எழுத்தில் தந்தால், வீட்டை வாங்கக் கடனை முதலில் விடுவார்களாம், திருத்தத்துக்கு உரியதைப் பிறகு விடுவார்களாம்.

ஆகவே எல்லாம் இப்போது லுத்பியாம்மாவின் கையெழுத்தில் நிற்கிறது. கிராண்ட்பாசிலிருந்து ஒருவர் இதே வீட்டை இடித்துச் சாமான் அடுக்கும் கிட்டங்கி கட்டக் கேட்கிறாராம். ஆவணி முடியும் மட்டும் எனக்காகக் காத்திருப்பேன் என்று கொன்ஸ்ரன்ரைன் ஐயா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவரால் முடியாது, விமானச் சீட்டு எடுத்துவிட்டார். எனக்கு இந்த வீடு வேண்டும். வெட்கப்படாமல் எழுதுகிறேன், நீங்கள் வர ஓர் இடம் எனக்கு வேண்டும்.

உங்கள் அன்புள்ள,
அருந்ததி


சிவமயம்

கொக்குவில்,
02.05.1994

அன்பின் அருந்ததிக்கு,

மூன்று நாளாக வேறு வேலை பார்க்கவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அரசாங்கக் கச்சேரியில் இப்போது அளக்க ஒன்றும் வருவதில்லை. அளவைச் சங்கிலியை எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். அதனால் இந்த வேலை எனக்குச் சோறு போல இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

மதிப்பீட்டாளர் குடையால் தட்டியதற்குப் பதிலாகக் கண்ணால் வாசித்திருக்கலாம். உறுதி 1931ஆம் ஆண்டுக்கு உரியது. ஒரே காணி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வரைபடத்தில் எல்லைக்கோடு சுவரின் நடுவால் போகிறது, ஓரத்தால் அல்ல. போட்டோப் பிரதியில் கோடு தடித்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஆக, சுவர் பாதிப் பாதி. இதைச் சிவப்பு மையில் குறித்து, என் பதவி முத்திரையும் இட்டு அனுப்புகிறேன். மனேஜரிடம் காட்டும்.

பொதுச் சுவர் என்று நினைத்து முதலில் வெருண்டேன். பிறகுதான், நாங்களும் பங்குக் கிணறு வைத்துத்தானே நூறு வருடமாகத் தண்ணீர் அள்ளுகிறோம் என்று நினைவு வந்தது. கிணற்றில் நாலு வீட்டுக்குப் பங்கு, துலாவுக்கும் பங்கு, தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கும் பங்கு. அதற்கு எங்கள் உறுதிகளில் அருமையான வசனம் இருக்கிறது. அதைப் போலவே லுத்பியா அம்மையாருக்கு ஒரு சம்மதக் கடிதம் எழுதியிருக்கிறேன். கையெழுத்து மட்டும் வாங்கினால் போதும். "மேற்படி சுவரில் சரிபாதிப் பங்கும், அதற்குரிய பாத்தியதைகளும், வழிவாய்க்கால் உரிமையும்" என்று தொடங்குகிறது. எந்த நீதிமன்றமும் இதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது.

அன்புடன்,
வரதராசா


வெள்ளவத்தை,
28.05.1994

அன்புள்ள அத்தானுக்கு,

நீதிமன்றம் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. லுத்பியாம்மா கண்டுபிடித்துவிட்டார்.

சிவப்புக் கோட்டைப் பார்த்து மனேஜர் தலையாட்டினார், அது நல்லபடி முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஞாயிறு பின்னேரம் பாமினியையும் கூட்டிக்கொண்டு உங்கள் கடிதத்தோடு லுத்பியாம்மா வீட்டுக்குப் போனேன். வட்டிலப்பம் தந்தார். மகன் தாஸிம், ஒருகொடவத்தை கொள்கலன் முற்றத்தில் கிளாக்கர், தாயின் பக்கத்தில் இருந்து கடிதத்தைச் சத்தமாக வாசித்தான். "வழிவாய்க்கால்" என்ற இடத்தில் தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் லுத்பியாம்மா கேட்டார்: "எங்கட ஊட்டுக்குள்ளால கான் வெட்டப் போறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பிழை. நான் சிரித்ததும் அவருடைய முகம் மாறியது. அது எங்கள் ஊர் உறுதியில் வழக்கமாக எழுதுவது, ஒருவரும் வாய்க்கால் வெட்ட மாட்டோம் என்று விளக்கினேன். வாய்க்காலை விட்டுவிட்டார். 'பங்கு' என்ற சொல்லை விடவில்லை. அவருடைய வாப்பா மௌத்தான பிறகு நானாமார், அதாவது அண்ணன்மார், ஒரு கடதாசியைக் கொண்டுவந்து, உனக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லிக் கையொப்பம் வாங்கினார்களாம். தெமட்டகொடையில் இருந்த இரண்டு வீடும் அந்தக் கடதாசியோடு போய்விட்டன. மிஞ்சியது இதுதான்.

"பங்கு எண்டு எழுதின கடதாசியில ஒருக்கா கையொப்பம் வெச்சி ரெண்டு ஊடு போயிட்டிது, புள்ள. இனி வைக்க மாட்டன். நீங்க நல்ல ஆக்கள்தான். கடதாசி நல்லதில்ல."

வட்டிலப்பத்தைத் தின்று முடிக்காமல் எழுந்து வர வேண்டியதாயிற்று. அம்மா ஏன் சிரித்தனீங்கள் என்று பாமினி வீட்டுக்கு வந்து கேட்டாள்.

உங்கள் பதில் வர ஒரு மாதம் ஆகும். கொன்ஸ்ரன்ரைன் ஐயா பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டார். நான் என்ன செய்ய?

அருந்ததி


வெள்ளவத்தை,
19.06.1994

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதி அனுப்ப முன்பே நான் ஒன்று செய்துவிட்டேன். உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கோபித்தாலும் பரவாயில்லை.

கடிதம் எதுவும் இல்லாமல், வெறுங்கையோடு, லுத்பியாம்மாவிடம் போனேன். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு உண்மையைச் சொன்னேன். என் மனுசன் வந்து தங்க எனக்கு ஓர் இடமில்லை, இந்த வீடு இல்லாவிட்டால் அவர் வர மாட்டார், அவர் அங்கேயும் நாங்கள் இங்கேயும் என்று நாலு வருடம் போய்விட்டது, பாமினிக்கு அவருடைய குரல் மறந்துபோகிறது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. எழும்பிப் போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கமும் வெடிப்பு இருக்கிறதாம். வெட்கத்தில் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டு மறைத்து வைத்திருக்கிறார். கலண்டரைத் தூக்கிக் காட்டினார்.

"உங்கட ஆள் சத்தம் போடுற ஆளா? இந்தச் சுவரால எல்லாம் கேக்கும்" என்று கேட்டார். அளக்கும்போது மட்டும்தான் சத்தம் என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

தாஸிமின் பேனாவால் அங்கேயே எழுதினேன். அவ்வளவுதான் கடிதம்: "இந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிறது. எந்தப் பக்கம் வெடித்தாலும் இரண்டு வீட்டாரும் சேர்ந்து திருத்துவோம். ஒருவரை ஒருவர் கேட்காமல் இதில் ஆணி அடிக்க மாட்டோம்." பங்கும் இல்லை, வாய்க்காலும் இல்லை. தாஸிம் சிங்களத்திலும் எழுதினான். லுத்பியாம்மா இரண்டிலும் கையொப்பம் வைத்தார், நானும் வைத்தேன்.

மனேஜர் வாசித்துவிட்டு ஆணியைப் பற்றி ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். அது எங்களுக்குள் என்றேன். கடனுக்குச் சம்மதித்துவிட்டார், அத்தான். சம்மதித்துவிட்டார்.

உங்கள் அன்புள்ள,
அருந்ததி


சிவமயம்

கொக்குவில்,
20.07.1994

அன்பின் அருந்ததிக்கு,

உம்முடைய இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. முதலாவதை வாசித்துவிட்டு ஒரு திருத்தக் கடிதம் எழுதத் தொடங்கினேன். இரண்டாவதை வாசித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

என் கடிதத்தைக் கிழித்ததில் கோபம் இல்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர். இரண்டு நாள் கோபம் இருந்தது. அந்தக் கடிதத்தை நான் ஐந்து தரம் பிரதி எடுத்தேன், தெரியுமா? ஆனால் முப்பது வருடத்தில் எத்தனையோ எல்லை உறுதிகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், இரு பகுதியும் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்ததை ஒரு நாளும் கண்டதில்லை. உம்முடைய மூன்று வசனத்தில் சட்டம் கொஞ்சமும் இல்லை. அது நிற்கும் போல இருக்கிறது.

இப்போது நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும், நீர் லுத்பியா அம்மையாரிடம் சொன்னதைப் போல. வீடு இல்லை என்பதால்தான் வரவில்லை என்று நான் சொன்னது பாதிதான். இங்கே ஒழுங்கையால் போனால், அளவைக்காரர் போகிறார் என்று நாலு பேர் சைக்கிளை நிறுத்துகிறார்கள். அங்கே எனக்கு வேலை இல்லை, சிங்களம் இல்லை, போகிற இடமெல்லாம் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அனெக்ஸ் படியில் நின்றபோது நான் ஒன்றுமில்லாத ஆளாகப் போனேன். உம்முடைய கண் முன்னால் அப்படி நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீடு கிடைத்துவிட்டது என்று வாசித்தபோது சந்தோஷத்தோடு கொஞ்சம் பயமும் வந்தது. சாட்டுச் சொல்ல இனி ஒன்றும் இல்லை.

வ.


கொட்டாஞ்சேனை,
21.08.1994

அன்புள்ள அத்தானுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பாருங்கள். ஒரு தரம் எழுதிவிட்டு, சும்மா இன்னொரு தாளிலும் எழுதிப் பார்த்தேன்.

உறுதி ஆடி கடைசியில் முடிந்தது. கொன்ஸ்ரன்ரைன் ஐயா திறப்புக் கோர்வையைத் தந்தார். அதில் எந்தப் பூட்டுக்கும் சேராத இரண்டு திறப்பு இருக்கிறது, எதற்கென்று அவருக்கும் தெரியாது. போன வாரம் விமானம் ஏறிவிட்டார். பின்னறையில் இப்போது ஓடு இல்லை, தறப்பாள் கட்டியிருக்கிறது. மூன்று அறைச் சாமானும் ஒரே அறையில். பாமினி இப்போது சாப்பாட்டு மேசைக்குக் கீழே படிக்கிறாள், அவளுக்கு அது பிடித்திருக்கிறது. மேசன் ஸஹாப்தீன் காலையில் எங்கள் பக்கம் பூசினால் பின்னேரம் லுத்பியாம்மா பக்கம் பூசுகிறார். தேத்தண்ணீர் எந்த வீட்டில் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு சின்னப் போட்டி. எல்லாம் தூசி. நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

நீங்கள் எழுதியதற்குப் பதில் யோசித்து யோசித்து ஒரு கிழமை போய்விட்டது. அந்தப் படியில் நின்றபோது உங்களைப் பார்த்து நான் ஒன்றுமில்லாத ஆள் என்று நினைக்கவில்லை. வீட்டுக்காரரோடு சண்டை போடாமல் நின்றேனே, அதை நினைத்து என்மீதுதான் எனக்கு வெறுப்பாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வருடமாக ஒரே படியில் நின்று வேறு வேறு திசையில் பார்த்திருக்கிறோம்.

வேலையைப் பற்றி எழுதினீர்கள். கூரைக்கு மரம் எடுத்துத் தந்த தச்சன் அளவைப் பிழையாகச் சொல்லி என்னை ஏமாற்றுகிறான் என்று எனக்குத் தெரியும், எவ்வளவு பிழை என்று தெரியாது. இந்த ஒழுங்கையில் இருக்கும் ஒருவரிடமும் சரியான வரைபடம் இல்லை, நான் கேட்டுப் பார்த்தேன். தாஸிம் தன் மச்சானின் காணிக்கு ஒரு அளவையாளர் தேடுகிறான். நாலு சைக்கிள் இங்கே நிற்காது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு முச்சக்கர வண்டி நிற்கலாம்.

ஊரை விட்டு வரப் பாஸ் எடுங்கள். நான் இனிக் கேட்டு எழுத மாட்டேன்.

அருந்ததி


சிவமயம்

வவுனியா,
10.10.1994

அன்பின் அருந்ததிக்கு,

இதை ஒரு லொறிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன், நாளைக்கே உமக்குக் கிடைக்கும். பாஸ் கிடைக்க மூன்று கிழமை பிடித்தது. கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டினேன். அதைப் பற்றி நேரில் சொல்கிறேன், அல்லது சொல்லாமலே விடுகிறேன். கால் வீக்கம் தவிர வேறு குறை இல்லை. சங்கிலியைக் கொண்டுவர விடவில்லை. அளவை நாடா மட்டும் இடுப்பில் இருக்கிறது.

இங்கே ஆமிக்காரர் எங்களை ஒரு பாடசாலையில் வைத்திருக்கிறார்கள். கொழும்புக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் லொட்ஜ் பெயரும் தெரிந்தவர்களின் பெயரும் சொன்னார்கள். என் முறை வந்தது. கொழும்பில் யாருடைய வீட்டில் தங்கப் போகிறாய் என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார். "எங்கட வீட்டில" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. உன்னுடைய பெயரிலா உறுதி இருக்கிறது என்றார். இல்லை, மனைவியின் பெயரில் என்றேன்.

அப்படியானால் வீட்டு உரிமையாளர் சம்மதக் கடிதம் தர வேண்டுமாம். யார் தங்குவது, என்ன காரணம், எவ்வளவு காலம் என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினால் விடுவார்களாம். முன்பு ஒரு வீட்டு உரிமையாளர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று உமக்குத் தெரியும். ஆகவே பணிவோடு கேட்கிறேன், சம்மதம் தருவீரா?

வரதராசா


கொட்டாஞ்சேனை,
12.10.1994

அத்தான்,

லொறிக்காரர் வாசலில் நிற்கிறார், கூட எழுத நேரமில்லை. நீங்கள் கேட்ட கடிதத்தைத் தாஸிம் சிங்களத்தில் எழுதித் தந்தான். அது உறையில் இருக்கிறது, அதைக் காட்டுங்கள். கீழே இருப்பது உங்களுக்கு மட்டும், தமிழில். கடைசி வரிக்கு ஒரு திகதி போடாவிட்டால் ஏற்க மாட்டார்கள் என்று தாஸிம் சொன்னான். லுத்பியாம்மா அவனைப் பேசாமல் எழுதச் சொன்னார்.

வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம்

தங்குபவர்: சின்னத்தம்பி வரதராசா, நில அளவையாளர்.

உரிமையாளருக்கு என்ன முறை: கணவர்.

தங்கும் காரணம்: அவருடைய மனைவியும் மகளும் இந்த வீட்டில் இருக்கிறார்கள்.

தங்கும் காலம்: நான் உள்ளவரை.

அருந்ததி வரதராசா,
வீட்டு உரிமையாளர்